குலத்தின் மேல் தொகையிடுவது எதற்கு?

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வு பெற்ற பிறகும் முதுகலை மாணவர் சிலர் வீடு தேடி வருவதால் எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. உன் மகள் கோண உந்தம் படித்துவிட்டு எழுப்பிய கேள்வியை நீ எழுதியிருந்தாய்: ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற்றும் செயலியும் இறக்கும் செயலியும் கையில் இருந்தால் எல்லாமே கிடைத்துவிடுகிறதே, பிறகு லீ குலத்தையும் (சுழற்சிகளைப் போலத் தொடர்ச்சியாக மாறும் உருமாற்றங்களின் தொகுதி) அதன் மேல் தொகையிடுவதையும் எதற்கு இழுக்க வேண்டும்?

அவள் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். எஸ்யூ(2) குலத்துக்கு (நீளத்தை மாற்றாத, அணிக்கோவை 1 ஆன 2×2 சிக்கலெண் அணிகள்), எக்ஸ், ஒய் என்ற இரு மாறிகளில் அமைந்த மூன்றாம் படிக் கோவைகளை எடுத்துக்கொள். எக்ஸைப் பொறுத்து வகையிட்டு ஒய்யால் பெருக்குவதே இறக்கும் செயலி. எக்ஸ்³-இன் மேல் அதைச் செலுத்தினால் 3எக்ஸ்²ஒய், மறுபடி செலுத்தினால் 6எக்ஸ்ஒய்², பிறகு 6ஒய்³, அதற்கப்பால் பூச்சியம். இந்த நான்கின் எடைகள் (எக்ஸின் படியிலிருந்து ஒய்யின் படியைக் கழித்தவை) 3, 1, −1, −3. இவற்றைப் பாதியாக்கித்தான் இயற்பியலார் 3/2, 1/2 என்கிறார்கள்.

ஆனால் இந்தச் செயலிகள் அடங்கிய லீ இயற்கணிதம் அறிந்தது குலத்தின் சமனி உறுப்புக்கு (எதையும் மாற்றாத உறுப்பு) அருகில் நடப்பதை மட்டுமே. எஸ்யூ(2)-க்கும் முப்பரிமாணச் சுழற்சிகளின் குலமான எஸ்ஓ(3)-க்கும் இயற்கணிதம் ஒன்றே. இருப்பினும் மேலே சொன்ன ரெப்ரசன்டேஷனில், அதாவது குலம் அந்தக் கோவைகளின் மேல் செயல்படும் விதத்தில், 360 பாகைச் சுழற்சி எல்லாவற்றையும் −1-ஆல் பெருக்கிவிடுவதால், அது எஸ்ஓ(3)-க்கு உரியதாக முடியாது. பிரெஞ்சுக் கணிதர் எலி கார்ட்டான் இந்த வகையை 1913-இலேயே கண்டுவிட்டார். எலக்ட்ரானின் ஸ்பின் பற்றிய பேச்சு எழுந்ததோ 1925-இல்.

இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் எளியது. மெய்யெண் கோட்டுக்கும் வட்டத்துக்கும் லீ இயற்கணிதம் ஒன்றுதான், ஒரே பரிமாணம். கோட்டிலுள்ள எண் ஒவ்வொன்றுக்கும், மூலைவிட்டத்தில் 1, 1 என்றும் வலது மேல் மூலையில் அந்த எண்ணும் கீழே பூச்சியமும் உள்ள அணியைக் கொடு. முதல் அச்சு அசையாமல் நிற்கும். அதற்குத் துணையாக, தானும் அசையாத இன்னொரு கோட்டை எவ்வளவு தேடினாலும் காண முடியாது. ஆகவே இதை இரண்டு தனித் துண்டுகளாக உடைக்க வழியில்லை. வட்டத்தில் இந்தச் சிக்கல் எழவே எழாது, ஏனெனில் அதன் மொத்த நீளம் முடிவுள்ளது: ஏதாவதொரு உட்பெருக்கத்தை எடுத்து வட்டம் முழுவதும் சராசரி கண்டால் குலத்தால் மாறாத உட்பெருக்கம் கிடைக்கும், பிறகு செங்குத்து வெளியே நாம் தேடிய துணை. இந்தச் சராசரி எந்தக் கச்சிதமான (மூடிய, எல்லைக்குள் அடங்கிய) அணிக் குலத்துக்கும் செல்லும். கணிதர் ஹுர்விட்ஸ் 1897-இல் கையாண்ட இந்த உத்தியைத்தான், சூரிக்கில் இருந்த ஹெர்மன் வைல் 1925-26-இல் அரை எளிய (எளிய துண்டுகளின் கூட்டாக அமையும்) இயற்கணிதங்கள் அனைத்துக்கும் விரித்தார். அங்கே இயற்கணித வழி நிறுவலும் உண்டு, அது பிற்பாடு வந்தது. ஆனால் எனக்கு என்னவோ அது வேண்டாத வேலையாகத்தான் படுகிறது.

தொகையிடலின் உண்மையான அழகு கேரக்டரில், அதாவது அணியின் மூலைவிட்டக் கூட்டலில், தெரிகிறது. எஸ்யூ(2)-இல் அது தீட்டா என்ற ஒரே கோணத்தைச் சார்ந்தது: பரிமாணம் 4 என்றால் சைன் 4தீட்டாவை சைன் தீட்டாவால் வகுத்த ஈவு. 1, 2, 3 என ஒவ்வொரு பரிமாணத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. குலத்தின் மேல் தொகையிடும்போது சைன் வர்க்கம் எடையாக வந்து பகுதியிலுள்ள சைன்களை அடித்துவிட, எஞ்சுவது கல்லூரியில் நாம் போட்ட ஃபூரியே சைன் தொடர்தான். இந்தப் பட்டியலில் சேராத, பிரிக்க முடியாத ரெப்ரசன்டேஷன் இன்னொன்று இருந்தால், அதன் கேரக்டரை சைன் தீட்டாவால் பெருக்கியது எல்லா சைன்களுக்கும் செங்குத்தாகி, பூச்சியமாகிவிட வேண்டும். ஆனால் அதன் நீளமோ 1. ஆகவே பட்டியல் முழுமையானது.

பரிமாணம் 2-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 4-உம் 2-உம் வருவதை ஏற்றும், இறக்கும் செயலிகளைத் தொடாமல், கேரக்டரை மட்டும் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல். முடித்தவுடன் எஸ்யூ(3)-க்குப் போகலாம். அங்கே கோணங்கள் இரண்டு, நானும் உடன் உட்கார்ந்து போடுகிறேன். விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்