மரினர்ஸ் அணியின் பலம் பந்துவீச்சில்

ஐயா,

சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணி 2026 பருவத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்ற ரசிகர்களின் விவாதம், அவ்வணியின் கேட்சர் (பந்து பிடிப்பவர்) கேல் ராலே, 2025இல் போல மறுபடியும் 60 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) அடிப்பாரா என்ற ஒரே கேள்வியில் சுழல்வது வருத்தம் தருகிறது. கேட்சர் எவரும் இதற்கு முன் எட்டாத அந்த எண்ணிக்கையை, ஆட்டம் முழுவதும் குந்தி அமர்ந்து பந்தை வாங்கும் ஒருவரிடம் ஆண்டுதோறும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அணியைத் தாங்குபவர்கள் கில்பர்ட், கர்பி, வூ, காஸ்டிலோ போன்ற தொடக்கப் பந்துவீச்சாளர்களே. கில்பர்ட்டும் கர்பியும் காயத்தால் சில வாரங்கள் ஆடாதபோதும், 2025இல் அணி 90 வெற்றிகளுடன், 2001க்குப் பின் முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

1977 முதல் ஆடியும் வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடரைத் தொடாத ஒரே அணி இது என்பதும், 116 வெற்றிகள் குவித்த 2001இலேயே அது கைகூடவில்லை என்பதும் உண்மைதான். ஆயினும், 2025இல் அந்த இறுதித் தொடருக்கு முந்தைய தொடரில், டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது, கடைசி ஆட்டத்தில் 3-1 என முன்னிலையில் இருந்து, எதிரணி வீரர் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் 4-3 எனத் தோற்ற அணியை இவ்வாண்டு தேறாதென ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பந்துவீச்சாளர்கள் உடல்நலத்துடன் இருந்தால், பிரிவில் முதலிடம் மீண்டும் இவர்களுக்கே என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சியாட்டில்