வெள்ளிக்கிழமையில் ஒரு மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் அனுப்பும் பணம் மறுபடி கூடியிருப்பதை எல்லோரும் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். 2020இல் 710 கோடி டொலராக இருந்தது 2022இல் 379 கோடிக்கு விழுந்தது. 2024இல் 657 கோடியைத் தாண்டிவிட்டது. என் அக்கா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அந்தக் கணக்கில் அவளுடைய காசும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் விழுந்த காலத்தில் உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்துத் தனியாட்கள் வழியாக, அனுப்பியவர்களை நாட்டுக்குத் துரோகம் செய்தவர்கள் என்று பலர் ஏசினார்கள். 2021 கடைசியில் வங்கி டொலருக்கு 200 ரூபாய் சொச்சம் தந்தது, வெளியில் 240. மத்திய வங்கி 10 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்த பிறகும் 30 ரூபாய் இடைவெளி இருந்தது. அக்காவின் சம்பளம் 80 தினார். அந்த இடைவெளி எங்களுக்கு மாதம் கிட்டத்தட்ட 8,000 ரூபாய், அம்மாவின் நீரிழிவு மருந்துச் செலவு. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைப்பதை விட்டதும் அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியது. ஏசியதால் திரும்பி வந்த பணம் அல்ல அது.

ஆனால் விலை மாத்திரமே காரணம் என்று சொன்னால் பாதி உண்மைதான். உண்டியல்காரர் அக்காவோடு தமிழில் கதைத்தார். ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அன்று மாலையே கொழும்பு ஜம்பட்டா வீதியில் எங்கள் வாசலில் காசு. அது சட்டவிரோதம் என்பதும், காசு வராமல் போனால் கேட்க நாதியில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினோம்.

வங்கி வழிக்கு மாறியபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்குள்ள நாணயமாற்று நிலையத்தின் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அக்கா அம்மாவின் பெயரோடு தாத்தாவின் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தாள். கணக்குப் புத்தகத்திலோ அப்பாவின் முதலெழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று பணம் 11 நாள் தொங்கி நின்றது. வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்தால் சிங்களமும் ஆங்கிலமும்தான். கிளைக்குப் போனால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் திங்கட்கிழமை வருவார் என்றார்கள். 1987இல் அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழியானது. கொழும்பின் நடுவிலேயே இந்த நிலை என்றால் மூதூரிலும் பதுளைத் தோட்டங்களிலும் இருந்து பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் என்ன செய்வார்கள்?

இலங்கை வங்கி லண்டனில் 1949இலேயே கால் வைத்தது. சென்னையிலும் மாலேயிலும் அதற்குக் கிளைகள் உண்டு. நம் பணிப்பெண்களும் சாரதிகளும் நிறைந்திருக்கும் வளைகுடாவிலோ நம் வங்கிகள் பெரும்பாலும் அங்குள்ள நாணயமாற்று நிலையங்களை நம்பியே இருக்கின்றன. இந்தியாவின் பாங்க் ஒப் பரோடாவும் பாகிஸ்தானின் ஹபீப் வங்கியும் அமீரகத்தில் பல காலமாகச் சொந்தக் கிளை நடத்துகின்றன. கிளை திறக்க மூலதனமும் அந்நாட்டின் அனுமதியும் வேண்டும், ஒரு நாளில் ஆகாது. தமிழ் கதைக்கும் பிரதிநிதி ஒருவரை அனுப்ப என்ன தடை? தூதரகத்தில் ஒரு மேசை கொடுத்தாலும் போதும். பெயர் எழுதும் சிக்கலை அவர் அங்கேயே தீர்த்துவிடலாம்.

அதைவிட முக்கியமாக, அந்த மேசையில் பணிப்பெண்கள் தங்கள் பெயரிலேயே கணக்கு ஆரம்பிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் 12 வருடம் சவூதியில் உழைத்துவிட்டு வந்தார். அனுப்பியதெல்லாம் கணவரின் கணக்குக்குப் போனது. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்கு அத்திவாரம் மாத்திரம் இருந்தது, கணக்கில் ஒன்றுமில்லை. இன்று மீண்டும் போக முகவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காவது தன் பெயரில் தங்கட்டும் என்று யாராவது அன்று தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால், இந்த வயதில் இன்னொரு வீட்டுச் சமையலறைக்கு அவர் போக வேண்டியிருக்காது.

மத்திய வங்கியும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேசை வெள்ளிக்கிழமையில் திறந்திருக்க வேண்டும். அக்காவுக்கு வெளியே போகக் கிடைப்பது மாதத்தில் இரண்டே வெள்ளி.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.