பன்றிக்கும் வைரஸுக்கும் நடுவே ஒரு புரதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அடுத்த தலைமுறையும் சாணி மிதிக்கப்போகிறது! இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் மழை பிடித்தால் மூட்டுவலி.

பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் நோய் தாக்காதபடி மரபணு திருத்திய பன்றிக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததைப் படித்துவிட்டு, "ஒரு புரதத்தில் கைவைத்தால் நோயே வராதா, கதை விடுகிறார்களா?" என்று கேட்டிருந்தாய். கதையில்லை. நிறைசினைப் பன்றிகள் கருச்சிதைந்து குட்டி வீசும், பிழைத்த குட்டிகள் மூச்சு வாங்கும் என்று நாம் படித்த அதே நோய்தான்.

அந்த வைரஸ் பெருகுவது நுரையீரலின் மேக்ரோபேஜ் அணுக்களில். கிருமியைத் தின்ன வேண்டிய அணுவுக்குள்ளேயே குடித்தனம்! உள்ளே போக சயலோஅட்ஹெசின் என்ற புரதம்தான் கதவைத் திறக்கிறது என்று பல வருடம் நம்பினார்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தார் அது இல்லாத பன்றிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. 2013இல் அந்த முடிவு வெளியானது. அடுத்து சிடி163 என்ற இன்னொரு புரதத்தை நீக்கினார்கள். வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது சாதாரணப் பன்றிகளுக்குக் காய்ச்சல் கண்டது; இவற்றின் ரத்தத்தில் வைரஸே இல்லை. அது 2016இல்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இதுதான்: மேக்ரோபேஜ் வைரஸை விழுங்கிவிட்டாலும், சிடி163 இல்லாவிட்டால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. உறையிலிருந்து வெளியே வராது. அணுவுக்குள் போயும் பயனில்லை. ஆனால் சிதைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினை அப்புறப்படுத்தும் வேலையும் இந்தப் புரதத்துக்கு உண்டே, அதை மொத்தமாக எடுக்கலாமா? ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிலையத்தார் அதையும் யோசித்தார்கள். மாலையில் மணிகள் போல அதில் ஒன்பது பகுதிகள். வைரஸுக்குத் தேவைப்படும் ஐந்தாவதை மட்டும் கழற்றினார்கள். நோய் அண்டவில்லை, ஹீமோகுளோபின் வேலையும் கெடவில்லை. நான் இவர்கள் கட்சி.

அதற்காகத் துள்ளிக் குதிக்காதே. சிடி163 இல்லாத பன்றிகளுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரத்தான் செய்தது. அந்த வைரஸுக்கு வேறு வழி. நம் வடகிழக்கில் 2020 முதல் பண்ணைகளைக் காலி செய்வது அதுதான். மிசோரத்தில் 2013இல் பி.ஆர்.ஆர்.எஸ்.ஸும் வந்தது என்றாலும், இன்று அங்கே பன்றி வளர்ப்பவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னால், "அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார்.

சரி, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? தேதியை எழுது, நானும் விடுப்பு சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்