பேரோட வந்த பிள்ளை

மச்சான்,

உன்ர முழங்கால் ஒபரேசன் நல்லபடி முடிஞ்சுது எண்டு வாசிச்ச பிறகுதான் மூச்சு வந்தது. கொழும்புக்கு மகனோட போறதோ ஊரிலயே இருக்கிறதோ எண்டு கேட்டிருந்தாய், அதுக்கு நான் இஞ்ச ஒட்டாவாவில குசினி வேலை செய்யிற முதியோர் இல்லத்தில கண்டதைத்தான் சொல்லவேணும்.

இஞ்ச நூனாவுட்டில இருந்து வந்த இனுவிட் எண்ட பூர்வகுடி ஆக்கள் கொஞ்சப்பேர் இருக்கினம். அது கனடாவின்ர வடக்குத் தொங்கல், 1999இல தனிப் பிரதேசமா வந்தது, 25 ஊர், ஒரு ஊரில இருந்து மற்ற ஊருக்கு ரோட்டே இல்லை, எல்லாம் பிளேன்தான். மறதி வருத்தம் முத்தினா வைச்சுப் பாக்க அங்க இடம் காணாது, அதால 2000 கிலோமீற்றர் தாண்டி இஞ்ச அனுப்புகினம், பாசை தெரிஞ்ச ஆக்கள் கனக்கப் பக்கத்தில இல்லாம.

ஒரு அம்மா, நாங்கள் குடுக்கிற சூப்பை ஒருநாளும் குடிச்சு முடிச்சதில்லை. போன மாசம் மகள் ஒரு பெட்டியில ஐஸ் கட்டியா உறைஞ்ச மீன் கொண்டந்தா, ஆர்க்டிக் சார் எண்டு சொல்லுறது. நிலத்தில காட்போட் மட்டையை விரிச்சு அம்மாவை இருத்தி, கையில ஊலுவைக் குடுத்தா, அது பாதி நிலா மாதிரிப் பொம்பிளையளின்ர கத்தி. சட்டைப் பொத்தானே போடத்தெரியாத அந்தக் கை மச்சான், பச்சை மீனைக் கடதாசி மாதிரிச் சீவிச்சுது! முதல் துண்டு பக்கத்தில இருந்த கிழவருக்கு, அடுத்தது எனக்கு, கடைசியாத்தான் தன்ர வாய்க்கு. மேலிடத்தில சுத்தம் பத்தி எனக்குப் பேச்சு விழுந்தது, விழட்டும்.

பிறகு மகள் போனில ஊரில இருக்கிற ஒரு குழந்தையைக் காட்டினா. இந்த அம்மா அதைப் பாத்து ‘என்ர புருசன்’ எண்டு கூப்பிடுறா. செத்துப்போன அவவின்ர மனுசன்ர பேரை அந்தப் பிள்ளைக்கு வைச்சிருக்கினமாம், பேர் வந்தா ஆளும் வந்த மாதிரி, முறையும் அதே முறைதான். எங்கட ‘பேரன்’ எண்ட சொல்லும் பெயரன்தானே, எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. 1940களில இருந்து அரசாங்கம் இந்தச் சனத்துக்கு வட்டத் தகட்டில நம்பர் அடிச்சுக் கழுத்தில போடக் குடுத்தது, இவையின்ர பேரை எழுத வராதெண்டு. அந்த நம்பரை இந்த அம்மாவும் சுமந்தவ, ஆனா இண்டைக்கும் வாயில நிக்கிறது அந்தப் பேர்தான்.

நீ எங்க போனாலும் போ மச்சான், ஆனா உன்னைச் சின்னையா, பெரியப்பா எண்டு கூப்பிடுற சனம் அங்க ஆர் இருக்கினம் எண்டு முதல் எண்ணிப்பார், மருந்துக்கடை எவ்வளவு கிட்ட எண்டதைப் பிறகு பாக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவவின்ர மகள் திரும்பவும் வாறாவாம். நான் நல்ல காட்போட் மட்டையா ரெண்டு எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறன்.