நாலு எட்டுப் பாலம் ஒன்று: கவுண்டி கவுன்சிலின் பாதைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் லண்டனுக்கு வடமேற்கே உள்ள சில்டர்ன் குன்றுகளில் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேர் சேர்ந்து ஓடும் சின்னக் குழு எங்களுடையது. ஊர்ப்பெயரையும் பாதை எண்ணையும் இங்கே எழுதவில்லை. உங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய நான்கு கடிதங்களிலும் அவை இருக்கின்றன. ஐந்தாவதைத் தமிழில் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. ஹாரோவிலும் வெம்பிளியிலும் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறி, அமர்ஷமிலோ செஷமிலோ இறங்கி ஓட வருகிற தமிழர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பாதைகள் யாருடையவை, அவை கெட்டுப்போனால் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும்.

விஷயம் ஒரு பாலம். நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற பாலம். இரண்டு தடித்த பலகைகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. மழையில் கால் வழுக்காமலிருக்க யாரோ பலகை மேல் கோழிக்கூண்டு வலையை விரித்து ஆணி அடித்திருந்தார்கள். கீழே முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் பாசியும் தெளிவாகத் தெரியும். ஒரு பலகை உளுத்து நடுவில் இறங்கிவிட்டது. பாலத்தை மூடினீர்கள், சரி, அது நியாயம்தான். கேட்டில் அறிவிப்பு ஒட்டினீர்கள்: தற்காலிக மூடல், ஆறு மாதம்.

ஒற்றையடிப்பாதையைத் தற்காலிகமாக மூடுவதற்கு 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் தருவது ஆறு மாதம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் அமைச்சரின் ஒப்புதலோடு நீட்டிக்க வேண்டும். இரண்டு முறை நீட்டித்துவிட்டீர்கள். பதினாறு மாதம் ஆகிறது. அறிவிப்பின் எழுத்து வெயிலில் வெளுத்து, தேதியே படிக்க முடியாமல் போய்விட்டது. ஒரு பலகைக்குப் பதினாறு மாதம்.

அந்தப் பாலம் எங்களுக்கு என்ன என்பதைச் சொல்ல, ஓட்டத்தையே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து கிளம்பி முதல் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். சில்டர்ன் குன்றுகள் உயரத்தில் பெரியவை அல்ல. வெண்டோவர் காட்டிலுள்ள உச்சிகூட 267 மீட்டர்தான். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கித் தொடைகளைப் பிழிந்துவிடும். மேட்டில் பீச் மரக் காடு. குன்றின் தலையில் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் படிந்திருக்கிறது, குளிர்காலத்தில் அது ஷூவைப் பிடித்து இழுக்கும். சரிவில் இறங்க ஆரம்பித்ததும் களிமண் போய் வெறும் சுண்ணாம்பு வரும். நனைந்த சுண்ணாம்பு சோப்பு மாதிரி. பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்து, சின்னச் சின்ன எட்டாகத்தான் இறங்க வேண்டும். நடுவில் சிக்கிமுக்கிக் கல் கத்தி போல நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தவர்கள் முழங்காலில் அதன் அடையாளம் இருக்கும், எனக்கும் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில், பீச் இலை முழுதாக விரிவதற்கு முன்பு, காட்டுத் தரை முழுக்க நீலமணிப் பூக்கள். தலைக்கு மேல் ரெட் கைட் பருந்துகள், விசில் போன்ற குரலோடு வட்டமிடும். இங்கிலாந்தில் அற்றுப்போன பறவை அது. 1989 முதல் சில ஆண்டுகள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டுத்தான் திரும்பவும் பெருகியது. போனதைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த பகுதி இது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

காட்டை விட்டு வெளியே வந்தால் வேலியில் ஒரு ஏறுபடி, அதைத் தாண்டினால் பார்லி வயலின் குறுக்கே ஒரு கோடு போல ஒற்றையடிப்பாதை, அப்புறம் இந்தப் பாலம், அப்புறம் மாதாகோயில் கல்லறைத் தோட்டத்துச் சின்னக் கேட். கோயில் சுவர் முழுக்க உடைத்த சிக்கிமுக்கிக் கல். வெயில் பட்டால் கறுப்புக் கண்ணாடித் துண்டுகளாய் மின்னும். அங்கே குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, பசுந்திடலைச் சுற்றி, எதிர் மேட்டில் ஏறுவோம். வயலில் தொடங்கிக் கோயில் வரைக்கும் 600 மீட்டர் இருக்கும். இப்போது பூட்டிக் கிடப்பது அந்த 600 மீட்டர்.

அதை விட்டால் இரண்டு கிராமங்களுக்கும் நடுவே இருப்பது சாலை. சாலை என்றால் ஒரு வண்டி போகிற அகலம், இரு பக்கமும் ஆள் உயரக் கரை, கரை மேல் உயிர்வேலி. நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் அறுத்து அறுத்துப் பள்ளமான பழைய வழி அது. அழகானதுதான். ஆனால் ஒதுங்க இடமில்லை, சாலையோர நடைபாதை இல்லை, விளக்கு இல்லை. வேகவரம்புப் பலகையும் இல்லை, அதனால் கார்களுக்குச் சட்டப்படி மணிக்கு 60 மைல். கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாகப் போ என்கிறது நெடுஞ்சாலை விதிநூல். போகிறோம். ஆனால் வலப்பக்கம் வளைகிற இடத்தில் எதிரே வருபவருக்கு நாம் தெரிய மாட்டோம், நமக்கு அவரும் தெரிய மாட்டார். அதனால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் மாறி, வளைவு கழிந்ததும் திரும்ப மாறுகிறோம். அந்தச் சாலையில் அப்படி மூன்று வளைவு.

பிப்ரவரியில் ஒரு காலை. ஏழு மணி ஆகவில்லை, மூடுபனி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர் முன்னால் ஓடினார். குழுவில் மூத்தவர், ஐம்பத்தெட்டு வயது. ஒளி பிரதிபலிக்கும் பச்சைச் சட்டை, நெற்றியில் விளக்கு, எல்லாம் இருந்தது. இரண்டாவது வளைவில் ஒரு வேன் வந்தது. அக்கா கரையோடு முதுகை ஒட்டிக்கொண்டார். வேனின் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையில் தட்டிவிட்டுப் போனது. எலும்பு முறியவில்லை, சதை கன்றிப்போனதோடு சரி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வேலியின் ஹாத்தோர்ன் முட்களை உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "பாலம் திறந்திருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோமேம்மா" என்றார். அன்றைக்கு அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அதற்குப் பிறகு ஓடவும் வரவில்லை.

வேன்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வரம்புக்குள்தான் வந்திருப்பார். வரம்பே அப்படி இருக்கிறது.

இதோடு நிற்கவில்லை என்பதுதான் இன்னும் பெரிய கவலை. பாதை காலால்தான் உயிரோடு இருக்கிறது. பதினாறு மாதம் யாரும் மிதிக்காததால் ஏறுபடி தெரியாத அளவுக்குப் பிளாக்பெர்ரி முள்ளும், தொட்டால் எரியும் காஞ்சொறி மாதிரிச் செடிகளும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. வயலில் இந்த முறை உழுது விதைத்தவர் பாதைக் கோட்டை விடவில்லை. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, வயல் குறுக்கே போகிற ஒற்றையடிப்பாதையை உழலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்பச் சமன்படுத்தித் தர வேண்டும், பயிர் அதை மூடக் கூடாது. இது விவசாயிக்கும் தெரியும். கேட்டபோது கோபப்படவில்லை, "யாருமே வருவதில்லையே" என்றார். வர விடாமல் கேட்டில் தாள் ஒட்டியிருந்தால் எப்படி வருவார்கள்?

இந்த நாட்டில் வழியுரிமை எளிதாகக் கிடைக்கவில்லை. 1932 ஏப்ரலில், பொதுமக்களுக்கு மூடிக் கிடந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் கூட்டமாக ஏறியபோது நடந்த கைகலப்பை ஒட்டி, மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம்தான் ஒவ்வொரு கவுண்டியும் தன் பாதைகளை வரைபடத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்றது. அந்த அதிகாரபூர்வ வரைபடம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது, எங்கள் 600 மீட்டரும் அதில் இருக்கிறது. நான் பையில் வைத்திருக்கும், அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்திலும் அது பச்சைக் கோடுகளாக ஓடுகிறது. புதிதாக வருபவர் அந்தக் கோட்டை நம்பி மேட்டிலிருந்து இறங்கி வருவார். வந்து முள்ளுக்கு முன்னால் நிற்பார்.

உங்களிடம் ஆள் குறைவு, பணம் குறைவு என்று பதில் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் இந்தக் குன்றுகளில் தொண்டுக்கு ஆள் பஞ்சம் இல்லை. சில்டர்ன் சொசைட்டியின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக முள் வெட்டுகிறார்கள், மரங்களில் வெள்ளை அம்புக்குறி தீட்டுகிறார்கள், ஏறுபடிகளைக் கழற்றிவிட்டு வயதானவர்களும் போகும்படி கேட் வைக்கிறார்கள். எங்கள் குழுவில் தச்சு வேலை தெரிந்த இருவர் இருக்கிறார்கள். பலகைக்கும் ஆணிக்கும் ஆகிற செலவை நாங்களே திரட்டித் தருகிறோம் என்று மூன்றாவது கடிதத்திலேயே எழுதினேன். காப்பீடும் பொறியாளர் கையெழுத்தும் உங்கள் வேலை, அதை எங்களால் செய்ய முடியாது.

கேட்பது இவ்வளவுதான். மூன்றாவது முறை நீட்டிக்காதீர்கள். பாலத்துக்கு ஒரு தேதி சொல்லுங்கள், வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைப்பதானாலும் சரி. பாதைக் கோட்டை விட்டுத் தரும்படி நில உரிமையாளருக்கு இந்த மாதமே எழுதுங்கள். பாலம் திறக்கும்வரை அந்த மூன்று வளைவுள்ள சாலைக்கு 30 மைல் வரம்பு வையுங்கள். பொதுப்பாதையில் உள்ள தடையை நீக்கும்படி உங்களுக்கு நோட்டீஸ் தர அதே நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவு எங்களுக்கு உரிமை தருகிறது என்பதும் தெரியும். அந்த வழியில் போக எனக்கு மனமில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீலமணிப் பூக்கும் முன்பு திரும்ப வயல் வழியாக ஓடுவோம் என்று. அது உங்கள் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக் கேட் அருகே நிற்போம். உங்களில் ஒருவர் வாருங்கள், நடந்தே போய் மேட்டிலிருந்து பாலம் வரை பார்த்துவிடலாம், முக்கால் மணி நேரம் போதும். முள் வெட்டும் கத்தரியை நான் எடுத்து வருகிறேன். நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டு வாருங்கள், மேட்டில் களிமண் இன்னும் காயவில்லை.

அன்புடன்,
ஞாயிறு காலைக் குழுவில் ஒருத்தி