ஒரு ஆளுக்கு எவ்வளவு தக்காளி?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கண் இப்போது தேவலை, சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஒரு வாரம் போட வேண்டும். அண்ணன் வீட்டு விஷயமெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய ஒற்றை வரியைப் பார்த்தேன். "அம்மா, ஸ்பகெட்டி சாஸுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு தக்காளி?" கால் கிலோ என்று உடனே பதில் போட்டிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத வரவில்லை. அதனால்தான் கடிதம்.

ஒரு ஆளுக்கு என்று அந்த சாஸை வைக்க முடியாது கண்ணு. கால் கிலோ தக்காளி பாத்திரத்தின் அடியில் விரல் கனம்கூட நிற்காது. பத்து நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிடும். பச்சை வாசனை போவதற்குள் அடிப்பிடித்துவிடும். நாலு பேருக்கு வை. சாப்பிடுவது எத்தனை பேராக இருந்தாலும் நாலு பேருக்கு வை.

அளவெல்லாம் நான் எழுதிக் கொடுத்த நீல அட்டை நோட்டில், நடுவில் எண்ணெய்க் கறை பட்ட பக்கத்தில் இருக்கிறது. நீ வீட்டைவிட்டுப் போகும்போது பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான். அதைப் பார்க்காமல் என்னைக் கேட்கிறாய் என்றால் அது இப்போது உன் கையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மறுபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தக்காளி 1 கிலோ. நீளவாக்கில், சதை கெட்டியாக, விதை குறைவாக இருப்பதாகப் பார்த்து எடு. உருண்டைத் தக்காளியில் தண்ணீர்தான் அதிகம், சுண்டுவதற்கு இன்னும் அரை மணி பிடிக்கும். அடியில் கத்தியால் கூட்டல் குறி போல லேசாகக் கீறி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்று. தோல் கையோடு வந்துவிடும். வேலை முடிந்து அலுத்து வருகிற நாளில் டப்பாத் தக்காளியே போதும், 800 கிராம். ஆனால் முழுத் தக்காளி உள்ள டப்பாவாக வாங்கு. துண்டு போட்டதில் துண்டுகள் குழையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் அது கரையாமல் துண்டு துண்டாகவே நிற்கும். முழுசை வாங்கிக் கையால் பிசைந்து விடு.

பாத்திரம் ஸ்டீலாக இருக்கட்டும். அந்தக் கனமான பாத்திரமும் உன்னிடம் இல்லையென்றால் சொல், இங்கே இன்னொன்று இருக்கிறது, அனுப்புகிறேன். அலுமினியத்தில் மட்டும் வைக்காதே. தக்காளியின் புளிப்புக்கு அலுமினியம் கரையும், சாஸில் உலோக வாடை வரும்.

ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி. ஒரு நடுத்தர வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, சிம்மில் வைத்து 10, 12 நிமிடம் வதக்கு. சிவக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி ஆகி, இனிப்பு வாசனை வர வேண்டும். நீ எப்போதும் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டுவாய். கூட்டாதே. வெங்காயம் வெந்த பிறகுதான் பூண்டு, 4 பல். அது ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. பூண்டு கருகிவிட்டால் அதன்மேல் எவ்வளவு தக்காளி ஊற்றினாலும் கசப்பு போகாது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி முதலிலிருந்து ஆரம்பி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட். செங்கல் நிறம் வரும்வரை எண்ணெயிலேயே கிளறிவிட்டுத் தக்காளியை ஊற்று. ஒரு டீஸ்பூன் உப்பு. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வை. 45 நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும், கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் உடனே மூடாது. அப்போது அணைக்கலாம்.

சர்க்கரை போடாதே. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது ஒரு ஸ்பூன் நிறைய அள்ளிப் போட்டாய், அவருக்குப் புளிப்பு ஆகாது என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரை புளிப்பை எடுக்காது, நாக்குக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். தக்காளி நிஜமாகவே கடுமையாக இருந்தால் கால் டீஸ்பூன் சமையல் சோடா போடு. நுரைத்து அடங்கும், புளிப்பு இறங்கும். அதற்குமேல் போனால் சோப்பு ருசி வந்துவிடும். ஆனால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே புளிப்புதான் பிடிக்கும். இப்போது உன் நாக்குக்கு ஏற்ற மாதிரி வை.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த அன்று பன்னிரண்டு பேருக்கு நீ தனியாக வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினேழு வயது. என்னைச் சமையலறைக்குள் விடவே இல்லை. அப்பா தட்டில் மிச்சமிருந்ததை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். அப்படிப்பட்ட கை உன்னுடையது. அந்தப் பெண் இப்போது எத்தனை தக்காளி என்று கேட்கிறாள். சரியாகச் சாப்பிடுகிறாயா? வேறெங்காவது வாங்கிச் சாப்பிட்டே பொழுது போகிறதா? போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவும் அது ஒன்றுதான்.

நான் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷயம் அது இல்லை.

போன மாதத்துக்கு முந்தின மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "சாஸ் அடிப்பிடிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அன்று அடுப்பில் ஒன்றுமே இல்லை. நான் சமையலறையிலேயே இல்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீ வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று பயந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நீ ஆரம்பித்தபோதும், எல்லா வீட்டிலும் இருப்பதுதான், பொறுத்துப் போ என்று சொல்லி வாயை அடைத்தவள் நான்தான். அப்புறம் பேசுகிறேன் என்றேனே, நான் கூப்பிடவே இல்லை. தினமும் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீ பேசவில்லை என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். தப்பு முழுக்க என்னுடையது கண்ணு.

சரி, ஸ்பகெட்டி. ஒரு தட்டுக்கு 100 கிராம் போதும். அதற்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே எடுத்து, சாஸில் போட்டு, வெந்த தண்ணீரில் அரைக் கரண்டி ஊற்றிப் பிரட்டு. அந்தத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்துதான் சாஸை இழையோடு ஒட்ட வைக்கும். வடித்ததைக் குழாய்த் தண்ணீரில் அலசாதே, அலசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மிச்சம் மூன்று பங்கை ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று டப்பாவில் போட்டு உள்ளே வை. உறையும்போது சாஸ் உப்பி மேலே வரும், அதனால் மேலே ஒரு விரல் இடம் விடு. ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் நன்றாக இருக்கும். எண்ணெயும் பூண்டும் சேர்ந்தது, பாட்டிலில் ஊற்றி வெளியில் வைத்துவிடாதே, அது ஆபத்து. நாலு பேருக்கு வை என்று சொல்வது இதற்காகவும்தான். வீடு திரும்பும்போது உனக்கென்று ஒன்று தயாராக இருக்கட்டும்.

அந்த 45 நிமிடமும் நீ அடுப்பை விட்டு நகர முடியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டால்கூட எனக்குப் போதும். இங்கே அடுப்பை அணைத்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பேசில் இலையைச் சொல்ல மறந்துவிட்டேன். எட்டுப் பத்து இலை, அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போடு. மூன்று டப்பாவில் ஒன்றை மட்டும் எடுக்காமல் வைத்திரு. மூன்று மாதத்துக்குள் நான் அங்கே வந்துவிடுவேன்.