அதைப் பேச வைக்காதீர்கள்

ஓசூரில் முதியவர்களுக்குத் துணை ரோபோ செய்ய முனைந்திருக்கும் பொறியியல் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். சூளகிரி ஒன்றியத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியும் கையுமாக நான் ஏறி இறங்காத திண்ணை இந்தப் பக்கத்தில் குறைவு. இன்று அவற்றில் பலவற்றில் ஒற்றை ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பெங்களூரில். அதனால் தனிமைக்கு ஒரு எந்திரம் என்று கேட்டதும் நான் முகம் சுளிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: அதைப் பேச வைக்காதீர்கள்.

ஜப்பானில் சிபாட்டா தகனோரி என்ற ஆய்வாளர் 1993-ல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது பாரோ என்ற துணை ரோபோ. பனிக்கடலில் வாழும் சீல் குட்டியின் உருவம். தடவினால் கண் சிமிட்டும், உடலை அசைக்கும், குட்டியைப் போலக் குரல் கொடுக்கும்; ஒரு சொல் பேசாது. மறதி நோயுள்ள முதியவர்களின் மடியில் வைக்கிறார்கள். 2009-ல் அமெரிக்க அரசு அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றது. எடை சுமார் 2.7 கிலோ. எங்கள் தராசில் அது நல்ல பிறப்பு எடை. மடிக்கு அந்தக் கனம் தெரியும்.

ஏன் சீல்? பூனை உருவத்தையும் செய்து பார்த்தார்கள். பூனையோடு பழகியவர்கள் உடனே குறை கண்டார்கள். சீல் குட்டியைத் தூக்கி வளர்த்தவர் யாரும் இல்லை, ஒப்பிட வழியில்லை. ஆகவே நம் ஊர்தானே என்று ஆட்டுக்குட்டி செய்துவிடாதீர்கள். காதைத் தொட்ட மாத்திரத்தில் கிழவிகள் சிரித்து ஒதுக்கிவிடுவார்கள்.

பேச்சு வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் மொழி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்றையும் கலந்து பேசுகிறவர்கள் எங்கள் பாட்டிகள். செய்தி வாசிக்கும் தமிழில் ஓர் எந்திரம் “இன்று எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டால், யாரோ அதிகாரி வந்துவிட்டார் என்று முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள்.

இரண்டாவது காரணம் பெரியது. “போய்ச் சேர்ந்தால் தேவலை” என்பது இங்கே அன்றாடப் பேச்சு. களி வேகவில்லை என்றாலும் சொல்வார்கள், உண்மையிலேயே மருந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டும் சொல்வார்கள். சொல்லைக் கேட்டு நான் ஒருநாளும் பிரித்தறிந்ததில்லை. காலையில் அடுப்பு எரிந்ததா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்களா, முடி வாரியிருக்கிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அருகிலேயே உட்கார்ந்துவிடுவேன். இன்று 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, அழைத்துக் கொடுக்கலாம். உங்கள் எந்திரம் அந்த வாக்கியத்துக்கு ஆறுதலாக ஒரு பதில் சொல்லிவிட்டால், சொன்னவர் அதை இன்னொரு மனிதரிடம் திரும்பச் சொல்லாமலே போய்விடலாம். எனக்கு அச்சம் அங்கேதான்.

பேசும் எந்திரத்துக்கு மூளை பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. குழந்தைகளோடு பேசும் மாக்ஸி ரோபோவைச் செய்த அமெரிக்க நிறுவனம் 2024 டிசம்பரில் பணமின்றி மூடப்போவதாக அறிவித்தது. நிறுவனத்தின் கணினிகள் நின்றால் பொம்மையும் ஊமை. நண்பன் ஏன் பேச மாட்டான் என்று பிள்ளைகளுக்கு விளக்கும் வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. ஏற்கெனவே கணவரையும் ஊரையும் இழந்தவருக்கு அதை யார் விளக்குவது?

இன்னொன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ரத்த அழுத்தம் பார்க்க வரும் தன்னார்வலருக்காகவே தலை வாரிக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். “எந்திரம்தான் இருக்கிறதே” என்று அந்த வருகையை யாராவது குறைத்தால், உங்கள் பொருளை நானே சுமந்துவந்து உங்கள் வாசலில் வைத்துவிடுவேன்.

வாய் வைப்பதானால் பாரோவுக்கு வைத்ததுபோல் வையுங்கள். மின்னேற்ற, குழந்தை சப்பும் ரப்பர் காம்பு போன்ற ஒன்றை அதன் வாயில் கொடுக்கிறார்கள். ஆறு பிள்ளை வளர்த்த கைக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. முதல் எந்திரம் தயாரானதும் எடுத்து வாருங்கள். எந்தத் திண்ணைக்கு முதலில் போவது என்று நான் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
சூளகிரி ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்